மண் இல்லாமலும் பயிர் வரும். நல்ல தண்ணீர் இல்லாமல் வராது!

(கோட்டக்குப்பத்தில் நடந்த விளக்கக் கூட்டத்தில் நமது சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத ஊர்க்காரர்களுக்காக அச்சிடப்படுகிறது. படித்துவிட்டு அடுத்த வீட்டில் கொடுங்கள்.)

 

கறவை முடிச்சு, பாலை ஊத்திட்டு, மாட்டைக் கட்டிட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்கீங்க. உங்க நேரத்தை வீணாக்காம விஷயத்துக்கு வந்துடறோம்.

கொஞ்ச நாளா நம்ம பக்கத்து ஊர்கள்ல ஒரு பேச்சு சுத்துது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், கீழ்ப்புத்துப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில கார்ல வர்றாங்க. செல்போன்ல படம் காட்டறாங்க. குழாய்க்குள்ள கீரை, பையில தக்காளி, தட்டுல மாட்டுத் தீவனம். "உங்க மண்ணு உப்பாயிடுச்சு. இனிமே மண்ணே வேணாம். மண்ணில்லாமலே விவசாயம் பண்ணுங்க, லட்சம் லட்சமா வரும்" என்கிறார்கள்.

அவங்க போன மறுவாரம் இன்னொரு கார் வருது. அதுல வர்றவர் கேக்கறது வேற. "அதான் மண்ணு உப்பாயிடுச்சே, காணி என்ன விலை சொல்றீங்க? மனை போட்டுடலாம்." ரெண்டு பேரும் சொந்தக்காரங்கன்னு நாங்க சொல்லலை. ஆனா மண்ணே வேண்டாம்னு முதல் ஆள் சொல்லிட்டுப் போன பிறகு, மண்ணை எழுதி வாங்க வர்ற ரெண்டாவது ஆளுக்கு வேலை சுலபமாயிடுது. நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அதனால் சங்கக் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தோம். புதுசுன்னு சொல்லி எதிர்க்கவும் வேண்டாம், படத்தைப் பார்த்து நம்பவும் வேண்டாம். படிப்போம், போய்ப் பார்ப்போம், நம்ம வீட்டிலேயே செஞ்சு பார்ப்போம் என்று இறங்கினோம். தெரிந்துகொண்டதை ஒளிக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

இது மாயமும் இல்லை, புதுசும் இல்லை

செடிக்கு மண்ணிலிருந்து என்ன கிடைக்குது? தண்ணி, வேருக்குக் காத்து, சத்து, சாயாம நிக்க ஒரு பிடிமானம். இந்த நாலையும் வேறு வழியில் கொடுத்தால் செடி வளரும். பயறை ஈரத்துணியில் முளைகட்டாத வீடு உண்டா? அந்தத் துணியில மண்ணு ஏது?

ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற விஞ்ஞானிகள் 1860-களிலேயே உப்புச்சத்து கரைத்த தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார்கள். 1930-களில் கலிபோர்னியாவில் கெரிக் என்ற பேராசிரியர் தொட்டியில் தக்காளி வளர்த்து, அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரையும் பிரபலமாக்கினார். இரண்டாம் உலகப் போர் காலத்தில் விளையாத பாறைத் தீவுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இப்படித்தான் காய்கறி கொடுத்தார்கள். நம் நாட்டிலும் 1946-இல் வங்காளத்தின் காலிம்பொங் பக்கத்தில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், ஏழைக் குடும்பம்கூட ஜல்லி, மணல் போட்ட தொட்டியில் செய்யும்படி ஒரு எளிய முறையை உருவாக்கினார். 'வங்காள முறை' என்றே அதற்குப் பெயர்.

இன்னொரு செய்தியும் இருக்கு. விற்க வர்றவங்க இதைச் சொல்றதில்லை. கெரிக் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் ஹோக்லாந்து, ஆர்னான் என்ற இருவர் இதைச் சோதித்து 1938-இல் எழுதினார்கள்: வளமான மண்ணில் நன்றாகச் செய்யும் வெள்ளாமையைவிட இதில் விளைச்சல் பெரிதாகக் கூடிவிடாது என்று. மண் சரியில்லாத இடத்துக்கு, இடம் இல்லாத இடத்துக்கு இது ஒரு வழி. நல்ல மண்ணுக்குப் பதில் இல்லை.

நன்மை இருக்கிறது, மறுக்கவில்லை

ஒன்று, தண்ணீர் மிச்சம். வயலில் பாய்ச்சும் தண்ணீரில் பாதிக்கு மேல் ஆவியாகவும் அடிமண்ணுக்கும் போகுது. தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து திரும்பத் தொட்டி என்று சுற்றும் முறையில் கீரை வகைக்கு நூற்றுக்கு 80, 90 பங்கு வரை தண்ணீர் மிச்சமாகிறது.

இரண்டு, களை இல்லை. மண்ணில் இருந்து வரும் வேரழுகலும் நூற்புழுவும் பெரும்பாலும் இல்லை. குனிந்து களை எடுத்து இடுப்பு ஒடிஞ்ச தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நாங்க சொல்ல வேண்டியதில்லை.

மூன்று, காணி வேண்டாம். வீட்டு மாடி, மாட்டுக்கொட்டகை ஓரம், வாசல் போதும். நிலமே இல்லாத கூலிக் குடும்பமும் செய்யலாம்.

இதில் நம்மைப் போன்ற சின்ன விவசாயிக்கு எது எடுபடும் என்று பார்த்தோம். மூன்றுதான் தேறியது.

முதலாவது குழித்தட்டு நாற்று. கத்தரி, மிளகாய், தக்காளிக்கு நம்மில் பலர் இதை ஏற்கெனவே செய்கிறோம். மண்ணில்லா விவசாயம் என்று பெயர் வைக்காமல் செய்கிறோம், அவ்வளவுதான். தட்டில் மண்ணுக்குப் பதில் தென்னை நார்த்தூள். விதை வீணாகாது, வேர் அறுபடாது, 25 நாளில் நட்டுவிடலாம். பொள்ளாச்சிப் பக்கத்து நார்த்தூள் கட்டியாகி, கப்பலேறி, நெதர்லாந்துக் கண்ணாடி வீட்டில் தக்காளி வளர்க்கிறது. நம்ம ஊர்ல மட்டையை இன்னும் அடுப்புக்குத்தான் போடறோம். ஒரு எச்சரிக்கை: கடற்கரைத் தென்னையின் நார்த்தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, மாட்டுக்கு முளைப்புத் தீவனம். கோவாவில் உள்ள மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் பால் கூட்டுறவோடு சேர்ந்து இதை விவசாயிகளிடம் கொண்டுபோனது. செய்முறை எளிது. மக்காச்சோளத்தைக் கழுவி, ஊறவைத்து, ஈரச்சாக்கில் ஒரு நாள் கட்டி முளை வந்ததும் தட்டில் பரப்ப வேண்டும். நிழல்வலைக் கொட்டகையில் வைத்து இரண்டு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் 7, 8 நாளில் ஒரு சாண் உயரத்துக்குப் பாய் மாதிரி சுருட்டி எடுக்கலாம். உரம் எதுவும் வேண்டாம். ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு 5, 6 கிலோ பச்சை வரும். ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் போதும்.

மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பச்சை கிலோ நாலு ரூபாய்க்கு மேல் விழுகிறது. நம்ம கூலி தனி. கோடையில் ஒரு புல்லும் கிடைக்காத காலத்தில் மாட்டுக்குப் பச்சை காட்ட இது உதவும். பாசனம் இருந்து கம்பு நேப்பியர் புல் போட இடம் இருக்கிறவருக்கு அதுதான் மலிவு.

மூன்றாவது, மாடிக் கீரை, புதினா. புதுச்சேரி மார்க்கெட் நமக்குக் கூப்பிடு தூரம். ஆனால் இதை வீட்டுச் செலவு அளவுக்கு ஆரம்பித்துப் பழகின பிறகுதான் விற்பனைக்குப் போக வேண்டும்.

சொல்லாமல் விடுகிற சங்கதி

இப்ப நாங்க பட்ட அனுபவத்தைச் சொல்றோம். எங்க வீட்டிலேயே ரெண்டு மாட்டுக்குப் பத்துத் தட்டு வாங்கி ஆரம்பிச்சோம். முதல் தடவை போர்த் தண்ணியைத் தெளிச்சோம். பாதி முளைக்கவே இல்லை. முளைச்சது நுனி கருகி, அடியில பூஞ்சணம் பிடிச்சு நாத்தம் எடுத்துது. எல்லாத்தையும் குப்பையில கொட்டினோம். பூஞ்சணம் பிடிச்ச தீவனத்தை மாட்டுக்குப் போட்டா மாட்டுக்கே ஆபத்து. ரெண்டாவது தடவை தொட்டியில பிடிச்ச மழைத்தண்ணியில செஞ்சோம். பச்சைப் பசேல்னு வந்தது. அதே தட்டு, அதே சோளம், தண்ணி மட்டும்தான் வேற.

இன்னொண்ணு. மருந்து கலந்த விதைச்சோளம் வாங்கிடாதீங்க. அது விதைக்கத்தான், மாட்டுக்கு விஷம்.

நம் உறுப்பினர் ஒருவர், பேர் வேண்டாம், பொண்ணோட நகையை வெச்சு ஒரு கம்பெனியிடம் குழாய் செட்டு வாங்கிப் போட்டார். கம்பெனி பேரையும் நாங்க சொல்லலை. விளையற கீரையை நாங்களே எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. முதல் மாசம் நல்லா வந்தது. ரெண்டாவது மாசம் இலை ஓரம் கருகிச்சு. போன் பண்ணினா, "இன்னும் உரம் ஊத்துங்க" என்றார்கள். ஊத்த ஊத்தச் செடி செத்தது. பிறகு போனையே எடுக்கலை. குழாய் இன்னைக்கும் அவர் மாடியில காயுது, நகை அடகுக் கடையில இருக்கு.

ஏன் இப்படி ஆச்சு? இதை எல்லாரும் புரிஞ்சுக்கணும். கரைத்து ஊற்றும் உரமும் ஒரு வகை உப்புதான். போர்த் தண்ணியில ஏற்கெனவே உப்பு இருக்கு. ரெண்டும் சேர்ந்தா வேரால தண்ணியை இழுக்க முடியாது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே செடி தாகத்துல சாகுது. அதோட, சுற்றி வரும் தொட்டியில் தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. சோடியம் உப்பு அப்படியே தங்கி நாளுக்கு நாள் அடர்த்தியாகிறது. வயலில் ஒரு பெரிய மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டியில் எங்கே இறங்கும்?

குடிதண்ணிக் கடைக்காரர் வெச்சிருக்கிற டி.டி.எஸ். மீட்டரை உங்க தண்ணியில விட்டுப் பாருங்க. 500-க்குக் கீழே காட்டினால் தைரியமாக இறங்கலாம். 1000-ஐத் தாண்டினால் இந்த முறைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. அப்ப ஆர்.ஓ. மெஷின் வாங்குங்க என்பார்கள். அந்த மெஷின் தள்ளிவிடும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதைக் கொல்லைப்புறத்தில் விட்டால் மிச்சம் இருக்கிற நல்ல மண்ணும் போகும்.

ஆக, உப்பு மண்ணுக்குத் தீர்வு என்று சொல்லி விற்கிற பொருள், உப்புத் தண்ணீரில் ஓடாது! நமக்கு மண் மட்டுமா உப்பாச்சு? தண்ணிதானே முதல்ல உப்பாச்சு!

இன்னும் இருக்கு. கோடையில் மின்சாரம் நின்று மோட்டார் ஓடாவிட்டால், மெல்லிசாகத் தண்ணீர் ஓடும் குழாயில் சில மணி நேரத்திலேயே வேர் காய்ந்துவிடும். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும்; நிழல்வலைக் குடில் எத்தனை நேரம் நிற்கும்? நெல்லும் மல்லாட்டையும் குழாயில் போட்டுக் கட்டுப்படியாகாது. நம்ம வயிறு நிரம்பறது அதுலதான்.

முளைப்புத் தீவனத்திலும் கணக்குப் பார்க்கணும். ஒரு கிலோ சோளம் ஆறு கிலோ ஆகுதுன்னா, கூடினது தண்ணி. காயவைத்து நிறுத்தால் போட்ட சோளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பச்சையின் சத்தும் சுலபமாகச் செரிக்கும் குணமும் கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் வைக்கோலை நிறுத்திவிட்டு இதை மட்டும் போட்டால் மாடு இளைச்சுடும்.

"விளைஞ்சதை நாங்களே வாங்கிக்கறோம்" என்ற வார்த்தையைக் கேட்டால் ஈமு கோழியை நினைச்சுக்குங்க. கொங்கு நாட்டில் 2012-இல் எத்தனை ஆயிரம் குடும்பம் பணத்தைப் போட்டு, கடைசியில் கோழிக்குத் தீனி போட வழியில்லாமல் நின்றது! எழுத்தில் ஒப்பந்தம், அதில் விலை, வாங்காவிட்டால் நஷ்டஈடு, இது மூன்றும் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. போடுவதற்கு முன்னால் சங்கத்தில் காட்டுங்கள்.

நம் மண் செத்துப்போகவில்லை

"மண்ணு கெட்டுப்போச்சு" என்று நாமே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அது பொய், தோழர்களே! 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து கடல் தண்ணி வயல்ல நின்னுது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இனி பத்து வருஷம் ஒன்றும் விளையாது என்றார்கள். வரப்பை உயர்த்தினார்கள், மேலே படிந்த சேற்றை வழித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், 2005 மழை உப்பைக் கழுவிக்கொண்டு போனது. மறு வருஷங்களிலேயே பயிர் வந்தது.

உவர் வேறு, களர் வேறு என்பதும் நமக்குத் தெரியணும். உவரை நல்ல தண்ணீர் கட்டி வடித்து இறக்கலாம். களருக்கு ஜிப்சம் போடணும். மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்பின் நிலை ரெண்டும் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்க. உப்பைத் தாங்கும் நெல்லும் நமக்கு உண்டு. பழைய ரகத்தில் குழியடிச்சான், களர்பாலை. திருச்சி வேளாண் கல்லூரி கொடுத்த திருச்சி 1, திருச்சி 3. உப்பளக் கரையில் தானா முளைக்கிற உமரிக்கீரையைப் பறிச்சு நம்ம வீட்டுப் பொம்பளைங்க சமைக்கலையா? வேதாரண்யத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்படி உப்பில் வளரும் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. உப்பு மண்ணும் மண்தான்.

சரி, தண்ணி ஏன் உப்பாச்சு? கடலோரத்தில் ஆழமாகப் போர் போட்டு நல்ல தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்குக் கடல் உள்ளே வருது. விவசாயி போட்ட போரும் இதில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனா சாலையோர விடுதிக்கும் லாரித் தண்ணி வியாபாரத்துக்கும் ராத்திரி பகலா ஓடுற போருக்கு என்ன கணக்கு?

அடுத்தது இறால் குட்டை. விவசாய நிலத்தையும் உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்புச் சொன்னது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கு அது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்து, 2023-இல் அதையும் திருத்தி, பிடியைத் தளர்த்திவிட்டார்கள்.

கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. சுமார் 5,150 ஹெக்டேர். பறவைக்கு ஏரி வேணும், வேண்டாம்னு சொல்லலை. அந்த ஏரிக்கு வரும் நல்ல தண்ணி வரத்தும் வேணும். மேலே இருக்கிற சிற்றேரிகள், வாய்க்கால்கள் தூர்ந்தால் ஏரியும் உப்பு, நம்ம கிணறும் உப்பு.

வானத்துத் தண்ணியில உப்பு இல்லை. ஆயிரம் சதுரடி மாடியில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 ஆயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. முக்கால் பங்கு பிடித்தாலே ஏறக்குறைய 70 ஆயிரம் லிட்டர். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டிச்சே, அதை எங்கே பிடிச்சோம்? உப்பளப் பாத்தியை அழிச்சு, ஊரை முழுக்காட்டி, கடலுக்குப் போச்சு. மண்ணில்லா விவசாயம் இந்தக் கரையில் ஓட வேண்டுமானால் முதலில் மழைநீர்த் தொட்டி வேண்டும். குழாய் அதற்கப்புறம்தான்.

சங்கத்தின் கோரிக்கைகள்

மத்திய அரசின் தோட்டக்கலை இயக்கம் 2025-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் மண்ணில்லா சாகுபடியும் சேர்ந்திருக்கிறது. குடில் சாகுபடிக்குச் செலவில் பாதி மானியம். மீதிப் பாதியைப் போட கையில் பணம் உள்ளவர் யார்? நாமா? ஆகவே அரசிடம் நாம் கேட்பது:

1. கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை ஒவ்வொரு ஊரிலும் பாசனத் தண்ணீரை இலவசமாகப் பரிசோதித்து, முடிவை ஊராட்சி, நகராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

2. மண்ணில்லா சாகுபடி மானியத்தைச் சிறு, குறு விவசாயிக்கும் நிலமற்ற குடும்பத்துக்கும் பத்துத் தட்டு, இருபது தட்டு அளவிலும் கொடுக்க வேண்டும். மகளிர் குழு சேர்ந்து செய்தால் முன்பணமாகக் கொடுக்க வேண்டும்.

3. மழைநீர்த் தொட்டி கட்டும் செலவையும் அந்த மானியத்தில் சேர்க்க வேண்டும்.

4. கருவி விற்கும் கம்பெனிகள் விற்பதற்கு முன் வாங்குபவரின் தண்ணீரைப் பரிசோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் சொல்லி விற்றால் பணத்தைத் திருப்பி வாங்கித் தர வேண்டும்.

5. நிழல்வலைக் குடிலுக்குப் புயல் காப்பீடு வேண்டும்.

6. கடலோர வணிகப் போர்களுக்கு அளவு மீட்டர் வைக்க வேண்டும். விதியை மீறிய இறால் குட்டைகளை மூட வேண்டும். கழுவெளிக்கு வரும் வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும்.

7. உப்பு ஏறிய நிலம் என்று காரணம் காட்டி விவசாய நிலத்தை மனையாக மாற்ற அனுமதிக்கக் கூடாது. ஜிப்சம், தக்கைப்பூண்டு விதை, உப்பைத் தாங்கும் நெல் விதை மூன்றையும் பருவத்துக்கு முன் தர வேண்டும்.

தோழர்களே, விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு நாம் எல்லாரும் போகிறோம். கொடி எடுத்து வர்றவர் எடுத்து வாங்க. ஆனா ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பாட்டில் கட்டாயம் இருக்கணும். உங்க போர்த் தண்ணி. மேல ஒரு சீட்டுல ஊர் பேரும் போரோட ஆழமும் எழுதி ஒட்டுங்க. அத்தனையும் அதிகாரிகள் மேசையில வரிசையா அடுக்குவோம். "ஐயா, ஒரு மொணறு குடிச்சுப் பாருங்க" என்று கேட்போம். மனுவில் எழுதி விளங்காதது ஒரு மொணறில் விளங்கும்.

அதுவரைக்கும் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது: தண்ணியைச் சோதிங்க. பத்துத் தட்டில் தீவனம் செஞ்சு பாருங்க. தெரியலைன்னா சங்க அலுவலகத்துக்கு வாங்க, நாங்க செஞ்சு காட்டறோம். குழாய் செட்டுக்கு நகையை வெக்காதீங்க. எவர் வந்து என்ன விலை சொன்னாலும் காணியை எழுதிக் கொடுக்காதீங்க.

மண் இல்லாத விவசாயத்தையும் கற்றுக்கொள்வோம்!
மண்ணையும் விடமாட்டோம்!
நல்ல தண்ணீர் எங்கள் உரிமை!
ஆளுக்கொரு பாட்டிலோடு அணிதிரண்டு வாரீர்!